பயணிகளோடு வந்த ரயில்

கொக்குமேடு ஸ்டேஷனுக்குப் புது ரயில் முதன்முதலாக வந்து நின்றபோது அதற்குள் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வழியில் ஏறியவர்கள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கொக்குமேடுதான் அந்தத் தடத்தின் கடைசி ஸ்டேஷன். அதற்கு அப்பால் ரயில்களை நிறுத்திவைக்கும் ஷெட்டும், ஷெட்டுக்கு அப்பால் உப்புப் பூத்த பொட்டலும்தான் உண்டு. தொழிற்சாலையிலிருந்து நேராக ஷெட்டுக்கு வந்து, ஷெட்டிலிருந்து நேராக பிளாட்பாரத்துக்கு வந்த ரயில் அது. சீட்டுகளின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் யாரும் கிழிக்கவில்லை; அந்த உறையின் மேலேயே அவர்கள், ஆணும் பெண்ணுமாக, மடியில் பையும் கையில் டிபன் கூடையுமாக, தினமும் போய்வருகிறவர்களுக்கே உரிய அரைத்தூக்க முகத்தோடு, ஜன்னலோரமாகப் பார்த்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். கதவு தானாகத் திறந்தது. கொக்குமேட்டுக்காரர்கள் ஏறினார்கள், "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றார்கள், அவர்களும் தள்ளி உட்கார்ந்தார்கள், ரயில் புறப்பட்டது.

அன்று சாயங்காலம் ரயில் திரும்பி வந்தபோது ஊர்க்காரர்கள் எல்லாரும் இறங்க, அவர்கள் மட்டும் இறங்கவில்லை. "கடைசி ஸ்டேஷன், இதுக்கு மேல போகாது" என்று கார்டு சொன்னார். "தெரியும்" என்றார்கள். ரயிலோடு ஷெட்டுக்குப் போனார்கள், காலையில் ரயிலோடு வந்தார்கள். பெருக்குகிறவர்கள் காலைத் தூக்கச் சொன்னால் தூக்கினார்கள். பரிசோதகர் டிக்கெட் கேட்டால் காட்டினார்கள். அவரும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார், அந்தத் தலையாட்டலையும் ஊர் நம்பவில்லை.

தேவகிருபை அவர்களை முதல் நாளே சந்தேகப்பட்டாள். நகரத்தில் ஓர் ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில், செக்கிங் செக்‌ஷனில் அவளுக்கு வேலை. தையல் பிசகு, பட்டன் தளர்வு, காலர் கோணல் என்று குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள். புருஷன் இறந்து, மகனும் ஓசூரில் வேலை கிடைத்துப் போன பிறகு, வீட்டில் குறை சொல்ல ஆளில்லாமல் அந்தத் திறமை முழுவதையும் வெளியே செலவழித்துவந்தாள். பழைய ரயிலில் பெண்கள் பெட்டியின் ஜன்னலோரச் சீட்டு ஒன்று அவளுடையது என்று எல்லாருக்கும் தெரியும். புது ரயிலில் அதே இடத்தில் கடுகு நிறப் புடவை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கம்மா இறங்கணும்?" என்று தேவகிருபை கேட்டாள்.

"இறங்கற இடம் வந்ததும் எழுந்து குடுத்துடறேன்க்கா."

"எந்த இடம்?"

"வரும்க்கா."

"பேரு?"

"சௌந்தரம்."

"அப்பா பேரு?"

அந்தப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு ஸ்டேஷன் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. "சொல்றேன்க்கா" என்றாள் கடைசியில், ஆனால் சொல்லவில்லை.

"பாத்தியா?" என்றாள் தேவகிருபை, பக்கத்தில் நின்ற சம்சாத் பேகத்திடம். சம்சாத் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள், ஆளைக் குறுக்கு விசாரணை செய்வதில் ஆசை உள்ளவள்; அன்றைக்கே பெட்டி பெட்டியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். எல்லாரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். தங்கள் பேரைக் கேட்டால் உடனே சொன்னார்கள், அப்பா பேரைக் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. பாஸ்டர் வந்து பெட்டியில் நின்று ஜெபம் செய்தார், அவர்கள் ஆமென் சொன்னார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து ஓதினார், அவருக்கும் ஆமீன் சொன்னார்கள். எல்லையம்மன் கோயில் பூசாரி திருநீறு கொண்டுவந்தார், கை நீட்டி வாங்கிப் பூசிக்கொண்டார்கள். எதற்காவது மறுப்புச் சொல்லியிருந்தால் ஊர் கொஞ்சம் நிம்மதி அடைந்திருக்கும். எல்லாவற்றுக்கும் சரி என்றதால் சந்தேகம் இரண்டு பங்காகக் கூடியது. ஒட்டுக்கேட்க உட்காரவைத்த ஆட்கள் என்றார்கள் சிலர். அதனால் பெண்கள் பெட்டியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே மாமியாரைப் பற்றிப் பேசுவது நின்றது, சீட்டுப் பணம் கட்டுவதைப் பற்றிப் பேசுவது நின்றது, யார் வீட்டில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்ற பேச்சு நின்றது; பீன்ஸ் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருந்த ஏகாம்பரத்துக்கு வேறு ஒரு கணிப்பு இருந்தது. கொக்குமேட்டில் ரயில் ஏறுகிறவர்கள் சில வருஷமாகவே குறைந்துகொண்டுவந்தார்கள். கண்ணாடித் தொழிற்சாலை மூடியதில் பாதிப் பேர் போனார்கள். கம்ப்யூட்டர் வேலைப் பிள்ளைகள் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டார்கள். மீதியில் பாதியைக் கம்பெனி பஸ்கள் வாசலுக்கே வந்து அள்ளிக்கொண்டு போயின. புது ரயில் வந்த கொஞ்ச நாளில் ஸ்டேஷன் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். பயணிகள் போதாத காரணத்தால் பொங்கலுக்குப் பிறகு எல்லா வண்டிகளும் அடுத்த ஸ்டேஷனான முத்தானூரிலிருந்தே புறப்படும், கொக்குமேட்டில் நிற்காது.

"புரியுதா கணக்கு?" என்றார் ஏகாம்பரம். "உள்ள ஆளை நிரப்பி வெச்சா நமக்கு எடமில்ல. எடமில்லன்னா நாம ஏற மாட்டோம். நாம ஏறலன்னா ஸ்டேஷன மூடிடலாம். நம்மள வெரட்டறதுக்குன்னே ரயிலோட சேத்து செஞ்சு அனுப்பின ஆளுங்க இவங்க."

முத்தானூர் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலையில் அங்கே போய்ச் சேர பஸ் கிடையாது. கொக்குமேட்டில் ரயில் நிற்காவிட்டால் தேவகிருபைக்கு வேலை இல்லை. அறிவிப்பைப் படித்த அன்று சாயங்காலம் நகரத்திலிருந்து திரும்பும் ரயிலில், முட்டி வலிக்க வலிக்கக் கடைசி வரை நின்றுகொண்டே வந்தாள். கடுகு நிறப் புடவைக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ரயில் நின்றது, கதவு திறந்தது, எல்லாரும் இறங்கினார்கள். தேவகிருபை மட்டும் திரும்பி உள்ளே போய் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதுதான் ஸ்டேஷன். எறங்கு."

இழுத்தால் வராது, சத்தம் போடும், காற்றாகக் கரைந்துபோகும் என்றெல்லாம் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எதிர்பார்த்தார்கள். அந்தப் பெண் டிபன் கூடையை எடுத்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, தேவகிருபையின் பின்னால் நடந்து வந்து இறங்கினாள். கதவு மூடியது. ரயில் அவள் இல்லாமல் ஷெட்டுக்குப் போனது. அவள் பிளாட்பாரத்தில் நின்றாள், நிற்கும்போதே லேசாக ஆடினாள், கடலிலிருந்து கரையேறியவர்கள் ஆடுவதுபோல.

ஸ்டேஷன் மாஸ்டர் இதற்கு விதி இல்லை என்றார். போலீஸ் ஸ்டேஷனில், காணோம் என்று யாரும் புகார் கொடுக்கவில்லையே, இவளை யாரிடம் ஒப்படைப்பது என்றார்கள். ஏகாம்பரம் கடையை மூடிக்கொண்டே சொன்னார்: "நீதானம்மா இழுத்த. நீயே கூட்டிட்டுப் போ."

தேவகிருபை அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனாள், பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சௌந்தரத்தின் தலைமுடியில் புது ரெக்ஸின் வாசனை அடித்தது. நிற்கும்போது ஒரு கை தானாக மேலே போய், இல்லாத ஒரு பிடியைப் பிடித்தது. தேவகிருபை அவள் தூங்குகிறாளா என்று பார்த்தாள், தூங்கினாள். நிழல் விழுகிறதா என்று பார்த்தாள், விழுந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் குழம்பு வைத்துப் பார்த்தாள். "நல்லா இருக்குக்கா" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டாள் சௌந்தரம். அதைப் பார்த்த பிறகு தேவகிருபைக்குச் சந்தேகம் அதிகமாயிற்று. உப்பில்லாத குழம்பை நன்றாக இருக்கிறது என்கிறவள் எதற்கும் துணிந்தவளாகத்தான் இருப்பாள் என்று சம்சாத்திடம் சொன்னாள்.

ஒவ்வொரு காலையும் சௌந்தரம்தான் முதலில் தயாராக நின்றாள். "நேரமாச்சுக்கா, வா."

"எங்க போற நீ?"

"வேலைக்கு."

"என்ன வேலை?"

"போனாத்தானே தெரியும்."

வேறு வழியில்லாமல் தேவகிருபை அவளைத் தன் கம்பெனிக்கே அழைத்துப்போனாள், கண் முன்னால் இருக்கட்டும் என்று. செக்கிங் செக்‌ஷனில் ஆள் குறைந்திருந்த சமயம். சூப்பர்வைசர் எதுவும் கேட்காமல் உட்காரச் சொன்னார். ஆனால் சௌந்தரத்துக்கு எந்தச் சட்டையிலும் குறை தெரியவில்லை. ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருந்த சட்டையைத் தூக்கிப் பிடித்து, "அழகா இருக்குல்ல?" என்றாள். அவள் பாஸ் பண்ணிய சட்டைகளையெல்லாம் தேவகிருபை சத்தமில்லாமல் இழுத்து மறுபடி பார்த்தாள், திட்டிக்கொண்டே பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு ரயிலில் மிச்சமிருந்தவர்கள் தேவகிருபையின் கையையே பார்க்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் கொக்குமேட்டில் அவள் இறங்கும்போது பெட்டி முழுவதும் அந்தக் கையைப் பார்த்தது. பிறகு ஒரு நாள், யாரும் இழுக்காமலேயே, கண்ணாடி போட்ட ஒரு மனிதர் வாசலில் நின்று, "இங்க எறங்கலாமா?" என்று கேட்டார். ஊர்க்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "எறங்குங்களேன்" என்றார்கள், சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் ஒரு குடும்பம்போல நான்கைந்து பேர் இறங்கினார்கள், அதற்கு மறுநாள் இன்னும் சிலர். மூடிக்கிடந்த கண்ணாடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் அவர்கள் தங்கினார்கள், அங்கே மறுபடி விளக்கு எரிந்தது, கொடியில் துணி காய்ந்தது. காலையில் எல்லாரும் ஸ்டேஷனுக்கு வந்து, வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, ஷெட்டிலிருந்து காலியாக வந்த ரயிலில் ஏறி நகரத்துக்குப் போனார்கள். அங்கே என்ன வேலை கிடைத்தாலும் செய்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தார்கள். பிளாட்பாரத்தில் மறுபடி கூட்டம் முட்டியது. ஏகாம்பரம் பால் அதிகமாக வாங்கினார். வாங்கிக்கொண்டே, "இதுல என்னமோ இருக்கு" என்றார்.

கூட்டம் கூடக் கூட, யார் ஊர்க்காரர், யார் ரயிலோடு வந்தவர் என்பது மறக்கத் தொடங்கியது. மறந்ததும் பயம் வந்தது. பெண் கேட்டு வந்தவர்களிடம், மாப்பிள்ளை பிறந்தாரா, வந்தாரா என்று கேட்டார்கள். கொக்குமேட்டிலேயே பிறந்து வளர்ந்த தபால்காரர் ஒருவர், அப்பா பேரைச் சொல்வதற்குமுன் இருமிவிட்டார் என்பதற்காக அவரிடம் சில வீடுகளில் தபால் வாங்க மறுத்தார்கள். கணவன்மார் தூங்கியெழுந்த முகத்தோடு இருக்கும்போது மனைவிமார் திடீரென்று "உங்கப்பா பேரு என்ன?" என்று கேட்டார்கள். சம்சாத்தும் தேவகிருபையும்கூட ஒருவரையொருவர் ஒரு தரம் கேட்டுக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள், ஆனாலும் பதில் வரும்வரை இருவருமே சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

பொங்கலுக்கு முன் ஒரு நாள் ஏகாம்பரம் செய்தி கொண்டுவந்தார். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வரப்போகிறார். ரயிலோடு வந்தவர்கள் ரயிலின் பாகம், கதவையும் விசிறியையும் போல. கழன்றுபோனதைக் கணக்குப் பார்த்துத் திரும்ப மாட்டப்போகிறார்கள்.

அன்று முழுவதும் தேவகிருபை யோசித்தாள். காட்டிக்கொடுத்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தாள். யார் என்றே தெரியாதவள், எதிலும் குறை காணாதவள், எதையும் மறுக்காதவள். அவளைத் தான் ஏன் சுமக்க வேண்டும். சௌந்தரத்திடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல இருவருக்கும் டிபன் கட்டினாள், வழக்கம்போல இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

அதிகாரியம்மா கண்டிப்பானவர், ஆனால் மரியாதை தெரிந்தவர். ரயில் காத்து நின்றது. பிளாட்பாரத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, முன்னால் நின்றவர்களிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டார். "பேரு? அப்பா பேரு? யோசிக்காம சொல்லணும்." ஏகாம்பரம் டபக்கென்று சொன்னார். சம்சாத் சொன்னாள். தேவகிருபையின் முறை வந்தது.

"தேவகிருபை."

"அப்பா பேரு?"

தேவகிருபை வாயைத் திறந்தாள். அப்பாவின் முகம் வந்தது, ஒரு பக்கம் நரைத்த மீசை வந்தது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது அவர் தலையில் தடவும் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது, அவர் கோபத்தில் கதவைச் சாத்தும் சத்தம் வந்தது. பெயர் வரவில்லை. மற்றவர்களைக் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி அவளுக்கே தொண்டையில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. அவளை அறியாமல் அவள் முகம் ரயிலின் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"இந்தம்மாவ இப்படி நிக்கச் சொல்லுங்க" என்றார் அதிகாரி, உடன் வந்த ஆட்களிடம்.

"இல்லங்க, நான் இந்த ஊர்தான், கேட்டுப் பாருங்க," என்றாள் தேவகிருபை. "சம்சாத், சொல்லேன்."

சம்சாத் வாயைத் திறக்கவில்லை. அவள் கண்ணில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சந்தேகம்தான் இருந்தது; இத்தனை வருஷப் பழக்கம் இருந்தும், இவள் ஊர்க்காரியா, ரயிலோடு வந்தவளா என்று அந்த நிமிஷத்தில் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏகாம்பரம் கழுவி வைத்த கிளாஸை எடுத்து மறுபடி கழுவினார். பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரும் தங்கள் கையிலிருந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் தேவகிருபையின் கையைப் பிடித்து, திறந்திருந்த ரயில் கதவின் பக்கம் நடத்தினார்கள்.

"ஆசீர்வாதம்" என்று ஒரு குரல் கேட்டது.

சௌந்தரம் வரிசையை விட்டு வெளியே வந்திருந்தாள். "அவ அப்பா பேரு ஆசீர்வாதம். விடுங்க அவள."

"நீ யாரும்மா?"

"அவ தங்கச்சி."

"உன் அப்பா பேரு?"

"அதான் சொன்னேனே," என்றாள் சௌந்தரம், முதன்முறையாகக் கொஞ்சம் எரிச்சலோடு. "ஆசீர்வாதம். ஒருத்தருக்கு எத்தன தரம் சொல்றது?"

அதிகாரி தேவகிருபையைத் திரும்பிப் பார்த்தார். "உண்மையா? இவ உன் தங்கச்சிதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேவகிருபை சௌந்தரத்தை மேலிருந்து கீழே பார்த்தாள், மேஜை மேல் சட்டையைப் பார்ப்பதுபோல; ஒரு பக்கம் தூக்கியிருந்த புடவைத் தலைப்பையும், கோணலாகக் குத்தியிருந்த பின்னையும், நின்ற இடத்திலேயே லேசாக ஆடிக்கொண்டிருந்த உடம்பையும் பார்த்தாள்.

"எங்கூடப் பொறந்தவ," என்றாள். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், நேரா நிக்கத் தெரியாது."

அதற்குப் பிறகு அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சம்சாத் அழுதுகொண்டே கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்து, இவர் என் சின்ன மாமு என்றாள். கண்ணாடிக்காரர் தபால்காரரைக் காட்டி இவர் என் சம்பந்தி என்றார். ஏகாம்பரம் நனைந்த கையோடு ஓடிவந்து, தொழிற்சாலைக் குடியிருப்பு மொத்தமும் என் பங்காளிகள் என்றார். வந்தவர்கள் இருந்தவர்களுக்கு அப்பா பேர் சொல்ல, இருந்தவர்கள் வந்தவர்களுக்கு ஊர்ப் பேர் சொல்ல, பிளாட்பாரத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனை வரை எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையில் உறவாகிப் போனார்கள். இவர்களில் ஒருவரைப் பிரித்தால் எல்லாரையும் பிரிக்க வேண்டும் என்று அதிகாரிக்குத் தெரிந்தது. ரயில் வேறு தாமதமாகிக்கொண்டிருந்தது. "ஏறுங்க" என்றார். எல்லாரும் ஏறினார்கள், கதவு மூட முடியாத அளவுக்குக் கூட்டம். சில நாள் கழித்துச் சுவரில் இருந்த அறிவிப்பை யாரோ வந்து கிழித்துப் போனார்கள்.

ரயிலில் சம்சாத் பக்கத்தில் வந்து நின்று, "கிருபாக்கா, வாயே வரலக்கா" என்றாள். தேவகிருபை டிபன் பையை இருவருக்கும் நடுவில் மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அவளோடு மறுபடி பேசுவதற்கு வெகு நாள் ஆனது, பேசிய பிறகும் பழையபடி இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தேவகிருபை கேட்டாள்: "எங்கப்பா பேரு உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லையே."

"எனக்கு எங்கக்கா தெரியும்?" என்றாள் சௌந்தரம், தண்டை உடைத்துக்கொண்டே. "வாயில வந்த பேர சொன்னேன்."

தேவகிருபையின் கை நின்றது. ஆசீர்வாதம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். நரைத்த மீசைக்கு அது பொருந்தியது, தேங்காயெண்ணெய் வாசனைக்குப் பொருந்தியது, கதவைச் சாத்தும் சத்தத்துக்கும் பொருந்தியது; ஆனால் காலையில் தொலைந்த பெயர் அதுதானா, இல்லை வேறொன்றா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. செங்கல்பட்டில் பெரியம்மா இருக்கிறாள், ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். போனைக் கையில் எடுத்தாள். பெரியம்மாவின் நம்பரைத் தேடி எடுத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சௌந்தரம் ஆய்ந்து வைத்த கீரையைத் தன் பக்கம் இழுத்து, அதில் இருந்த புழுவரித்த இலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினாள்.